முனைவரைத் தோற்கடித்த முனைவர்

கேள்வி: மேற்கு வங்கத்தில் 1987 முதல் 2011 வரை, 24 ஆண்டுகள் நிதியமைச்சராக இருந்தவர் அசிம் தாஸ்குப்தா. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பொருளாதார முனைவர் பட்டம் வாங்கியவர். அவரையே சொந்தத் தொகுதியில் தோற்கடித்தார்கள். படித்தவர்களுக்கு நம் அரசியலில் இடமில்லை என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

பதில்: வேண்டும். நீங்கள் அழைத்து வந்த சாட்சி உங்களுக்கு எதிராகவே பேசுகிறார். கர்தஹா தொகுதியில் அவரைத் தோற்கடித்தவர் அமித் மித்ரா. அவரும் பொருளாதார முனைவர்தான், டியூக் பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கியவர். ஃபிக்கி என்ற தொழில் வர்த்தகக் கூட்டமைப்பின் பொதுச் செயலாளராக இருந்துவிட்டு அரசியலுக்கு வந்தார். அடுத்த நிதியமைச்சரும் அவரே. அதே தேர்தலில் முதல்வர் புத்ததேவ் பட்டாச்சார்யாவும் ஜாதவ்பூரில் தோற்றார். சிங்கூரிலும் நந்திகிராமிலும் தொழிற்சாலைகளுக்காக விவசாயிகளின் நிலத்தை எடுக்கப் போன கோபத்தில், இடதுசாரிகளின் 34 ஆண்டு ஆட்சியே கவிழ்ந்த நேரத்தில், யார் எந்தப் பட்டம் வாங்கியவர் என்றா பார்த்துக்கொண்டிருப்பார்கள்?

சரி, தாஸ்குப்தாவைத் தோல்வியை மட்டும் வைத்து எடை போடுவது அநியாயம். 2000இல் வாஜ்பாய் அரசு மாநில நிதியமைச்சர்களின் அதிகாரக் குழுவை அமைத்தபோது, ஒரு மார்க்சிஸ்ட்டான அவரைத்தான் தலைவர் நாற்காலியில் உட்கார வைத்தது. அப்போது விற்பனை வரியில் மாநிலத்துக்கு மாநிலம் ஒரு கணக்கு. பக்கத்து மாநில வியாபாரத்தை இழுக்க வரியைக் குறைக்கும் போட்டி வேறு. எல்லோரையும் மதிப்புக் கூட்டு வரிக்குள், அதாவது பொருள் கைமாறும் ஒவ்வொரு கட்டத்திலும் கூடிய மதிப்புக்கு மட்டும் வரி போடும் வாட்டுக்குள், கொண்டுவருவதுதான் குழுவின் வேலை. 4 சதவீதம், 12.5 சதவீதம் என்று இரண்டு முக்கிய விகிதங்கள். வருவாய் குறைந்தால் முதல் ஆண்டு முழு இழப்பையும், அடுத்த ஆண்டு 75 சதவீதத்தையும், மூன்றாம் ஆண்டு பாதியையும் மத்திய அரசு ஈடுகட்டும் என்ற உறுதி. 2005 ஏப்ரல் 1 அன்று வாட் வந்தது. பாஜக ஆண்ட மாநிலங்கள் முதலில் ஒதுங்கி நின்றன. நம் தமிழ்நாடும்தான், 2007 ஜனவரியில்தான் நாம் சேர்ந்தோம். இன்று நீங்கள் கட்டும் ஜிஎஸ்டிக்கான முதல் விவாத அறிக்கையும் 2009 நவம்பரில் அவர் தலைமையில் வெளிவந்ததே.

ஊருக்கெல்லாம் வரிக்கணக்கைச் சீராக்கியவரின் வீட்டுக் கணக்குதான் இடித்தது. பற்றாக்குறை பூஜ்யம், இல்லாவிட்டால் சில கோடிகள்தான் என்று சொல்லும் பட்ஜெட்டுகளை ஆண்டுதோறும் வாசிப்பதில் அவர் பேர்போனவர். மாநிலத்தின் கடனோ வளர்ந்துகொண்டே போனது. பதவி விலகும்போது ஏறக்குறைய 2 லட்சம் கோடி ரூபாய். சிறுசேமிப்பு நிதியிலிருந்து வந்த அதிக வட்டிக் கடன்கள் அதில் பெரும் பங்கு. அது மத்திய அரசின் ஏற்பாடு என்று அவர் தரப்பு சொன்னதில் நியாயம் உண்டு. ஆனால் பற்றாக்குறைக்கு வரம்பு கட்டும் நிதிப் பொறுப்புடைமைச் சட்டத்தைத் தமிழ்நாட்டில் நாம் 2003லேயே இயற்றிவிட்டோம். மேற்கு வங்கம் 2010 வரை இழுத்தடித்தது. அதற்கு டெல்லியைக் கைகாட்ட முடியாதே!

அப்புறம், வந்தவர் மட்டும் கடனை அடைத்தாரா? மித்ராவின் பத்தாண்டுகளில் அது இரண்டு மடங்குக்கும் மேலே போனது. அவரும் 2016இல் அதே அதிகாரக் குழுவுக்குத் தலைவரானார்.

இன்னொரு விஷயம். 2011இல் தாஸ்குப்தாவுக்குப் பிறகு அந்தக் குழுத் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்தவர் பீகாரின் அப்போதைய நிதியமைச்சர், பாஜகவின் சுஷில் குமார் மோடி. தாவரவியல் பட்டதாரி, ஜெயப்பிரகாஷ் நாராயண் இயக்கத்துக்காக மேற்படிப்பைப் பாதியில் விட்டவர். ஜிஎஸ்டி பேச்சில் மாற்றுக் கட்சிகள் ஆண்ட மாநிலங்களும் அவருக்குக் காது கொடுத்தன. இவரை உங்கள் சாட்சிப் பட்டியலில் எந்தப் பக்கம் நிறுத்துவீர்கள்?