கோடையில் ஆட்டுக்குக் குழை இல்லை. யாழ்ப்பாணத்தில் சீமைக்கிளுவை நட்டால் கைகொடுக்குமா?

கொடுக்கும். கிளிசரியா என்று நம் ஊரில் சொல்லும் அதே மரம்தான். மெக்சிக்கோ, மத்திய அமெரிக்கப் பகுதியிலிருந்து வந்த அவரைக் குடும்பத் தாவரம். நம் சுண்ணாம்புக்கல் மண்ணையும் நீண்ட வெயிலையும் தாங்கும். உலர்ந்த இலையில் 20 சதவீதத்துக்கு மேல் புரதம் உண்டு. வைக்கோல் இதற்குப் பக்கத்திலேயே வராது.

ஒரு விஷயத்தில் பலர் ஏமாந்துபோகிறார்கள். வெட்டாமல் விட்ட மரம் வறட்சியில் இலையெல்லாம் கொட்டி, கிளை நிறைய இளஞ்சிவப்புப் பூவாக நிற்கும். பார்க்க அழகுதான், ஆனால் ஆட்டுக்குக் குழை வேண்டிய நேரத்தில் குழை இருக்காது. இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெட்டி வந்தால் பூப்பது குறைந்து, கோடையிலும் தளிர் நிற்கும்.

கதியாலாக, அதாவது வெட்டிய கிளைத் தடியாக ஊன்றுவதென்றால் மாரி தொடங்கும்போது, ஐப்பசியில் ஊன்றுங்கள். வேலிக்கு அது போதும். தீவனத்துக்கென்றே தனியாக வளர்க்க நினைத்தால் விதைக் கன்றுதான் நல்லது என்பேன்; ஆணிவேர் ஆழமாக இறங்கும், கதியாலின் வேர் மேலோடு நிற்கும். முதல் வருடம் அவசரப்பட்டு வெட்டாதீர்கள்.

அப்புறம், பழகாத ஆடு மணத்துக்கே முகத்தைத் திருப்பும். வெட்டிய குழையை ஒரு நாள் வாடவிட்டு, பூவரசங்குழையோடு கலந்து கொடுங்கள். மொத்தத் தீவனத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். விதையும் பட்டையும் நஞ்சு, அவற்றை ஆடு கடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.