பாலைவனப் பள்ளத்தாக்கில் வறண்ட ஓடையில் கூடாரம் போடக் கூடாது என்கிறார்களே, ஏன்?

அமெரிக்காவின் யூட்டா, அரிசோனா பக்கம் வசந்த காலத்தில் குழுவாக முகாம் போகிறவர்கள் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது திடீர் வெள்ளம். மழை பெய்த சில நிமிடங்களிலோ சில மணி நேரத்திலோ, வறண்டு கிடந்த ஓடையில் தண்ணீர் பாய்ந்து வருவதுதான் அது.

காரணம் தரைதான். அங்கே பெரும்பாலும் வெறும் பாறை. மண்ணும் செடிகொடியும் குறைவு. தண்ணீர் உள்ளே இறங்காமல் அப்படியே வழிந்துவிடும். பெரிய மொட்டை மாடியில் விழும் மழை முழுவதும் ஒரே குழாயில் கொட்டுவதை நினைத்துப் பாருங்கள். குறுகிய பள்ளத்தாக்குதான் அந்தக் குழாய். மழை உங்கள் தலைக்கு மேல் பெய்ய வேண்டும் என்பதே இல்லை. 1997 ஆகஸ்டில் அரிசோனாவின் ஆன்டிலோப் பள்ளத்தாக்கில் வெள்ளம் வந்து 11 பேர் இறந்தார்கள். மழை பெய்தது பல கிலோமீட்டர் தள்ளி.

குழு பெரிதானால் இந்தச் சிக்கல் கூடும். எல்லாக் கூடாரங்களுக்கும் போதுமான சமதள மணல் பெரும்பாலும் ஓடைப் படுகையில்தான் இருக்கும். தயவுசெய்து ஆசைப்படாதீர்கள், மேட்டில் பிரித்துப் போடுங்கள். அப்புறம், ஓடையின் மேல்பகுதிக்கும் சேர்த்து வானிலை அறிக்கையைக் கிளம்பும் முன்பே பாருங்கள். உள்ளே செல்போன் சிக்னலை நம்ப முடியாது.

கோடை மழையில்தான் வெள்ளம் வரும், வசந்தத்தில் கவலையில்லை என்று பலர் நினைக்கிறார்கள். ஜூலை முதல் செப்டம்பர் வரை அதிகம் என்பது சரி. ஆனால் வசந்த காலத்தில் கனமழை பெய்தாலும் வரும்.