பறவைகளை விரட்டினால் மாந்தோப்பில் புல்லுருவி குறையுமா?

குறையாது. மரக்கிளையில் ஒட்டி அதிலிருந்து உறிஞ்சி வளரும் செடிதான் புல்லுருவி. அதன் விதையைப் பரப்புவது பறவை என்பதால், கிருஷ்ணகிரிப் பக்கத்தில் ஆண்டுதோறும் யாராவது ஒருவர் இந்த யோசனையைக் கிளப்பிக்கொண்டுதான் இருக்கிறார். உங்களுடையது அப்பா வைத்த பழைய மரங்கள், நீங்கள் வெளியூரில் வேலை, தோப்பு குத்தகையில் என்றே வைத்துக்கொள்கிறேன். புல்லுருவி மண்டிய தோப்புகளின் கதை பெரும்பாலும் அதுதான்.

என் சித்தப்பா கிளிக்குப் போடும் வெடியையே இதற்கும் போட்டார். கிளிகள் கூட்டமாக எழுந்து போயின. "பார்த்தாயா, எல்லாம் ஓடிவிட்டன" என்றார். "ஓடியது கிளி சித்தப்பா, உங்கள் ஆள் இங்கேதான் இருக்கிறது" என்று மரத்தைக் காட்டினேன். பூங்கொத்தி என்ற சின்னக் குருவி அது, அலகு முதல் வால் வரை 8 சென்டிமீட்டர்தான் இருக்கும். 'டிக் டிக்' என்று கத்திக்கொண்டு இலைகளுக்குள்ளேயே தாவிக்கொண்டிருந்தது. அவர் கண்ணுக்கு அது கடைசிவரை அகப்படவில்லை.

அது செய்கிற வேலையை அருகில் நின்று பார்க்க வேண்டும். புல்லுருவிப் பழத்தை விழுங்கிய சில நிமிடங்களிலேயே விதை வெளியே வந்துவிடுகிறது. விதையைச் சுற்றிப் பசை இருப்பதால் எச்சம் தானாகக் கீழே விழாது. பறவை கிளையின் நீளவாக்கில் உட்கார்ந்து பின்பக்கத்தைத் தேய்த்துத் தேய்த்துத்தான் அதைக் கழற்றுகிறது. விதைகள் கோத்த மணிபோலக் கிளையில் ஒட்டிக்கொள்கின்றன. பிறகு விதையிலிருந்து ஒரு பச்சை முளை வளைந்து வந்து, நுனியைத் தட்டையாக்கி மரப்பட்டையில் அழுத்திக்கொள்கிறது. உள்ளே புகுந்தபின் நீரும் உப்பும் மாமரத்துடையவை. மாவுச்சத்தை மட்டும் தன் பச்சை இலைகளால் தானே தயாரித்துக்கொள்ளும். இது ஒன்றும் புதுக் கண்டுபிடிப்பு அல்ல. கொங்கணத்தில் தேன்சிட்டும் பூங்கொத்தியும் இந்தச் செடியைப் பரப்புவதைப் பற்றிப் பறவையியல் அறிஞர் சாலிம் அலி 1931லேயே எழுதிவிட்டார்.

பறவை பழம் இருக்கும் இடத்தைத்தான் சுற்றும். அதனால்தான் ஏற்கெனவே பிடித்த மரத்திலும் அதன் பக்கத்து மரத்திலும் மேலும் மேலும் ஏறுகிறது. பழமே இல்லாவிட்டால் பறவை எதைச் சுமக்கும்? காய் பழுக்கும் முன்பே வெட்டுங்கள். தொரட்டியால் இழுத்து ஒடிப்பது வீண் வேலை. புல்லுருவி கிளைக்குள் புகுந்த இடத்தில் புடைத்திருக்கும் முடிச்சு அப்படியே இருந்து மறுபடி தளிர்க்கும். முடிச்சுக்கு நன்றாகக் கீழே, அடிமரத்துப் பக்கமாக, கிளையோடு வாளால் அறுக்க வேண்டும்.

'பறவை மேல் பாசம் வைத்து விவசாயி வயிற்றில் அடிக்கிறார்' என்று எழுதக் காத்திருப்பவர்களுக்கு: நானும் மாங்காய் விற்றுத்தான் சாப்பிடுகிறேன். புல்லுருவியை வைத்துக் கொண்டாடச் சொல்லவில்லை. வேலிப்பக்கத்து வேம்பில் இருந்தாலும் அறுங்கள், அண்டைத் தோப்புக்காரரையும் அறுக்கச் சொல்லுங்கள். சித்த மருந்துக்கு ஆகும் என்று சொல்வார்கள். அதற்காக யாரும் என் தோப்புக்கு வந்து அறுத்துப் போனதில்லை.

அறுக்க ஆள்கூலி யார் கொடுப்பது என்பதில்தான் எல்லாம் நிற்கிறது. குத்தகைக்காரருக்குக் காய் மட்டும் போதும், மரம் எப்படிப் போனால் என்ன! நாமே கூலி கொடுத்து அறுக்கலாம் என்றால் கையில் காசு நிற்பதில்லை, மாங்கூழ் ஆலைக்காரர்கள் வைத்ததுதான் விலை. போன பருவத்தில் பெங்களூரா ரக மாங்காய் ஏற்றிய என் வண்டியை ஆலை வாசலில் காக்க வைத்தார்கள். அடியில் இருந்த காய் வெதும்பியதும் 'தரம் இல்லை' என்று எடையில் கழித்தார்கள். காக்க வைத்தது யார் என்று கேட்டால் பதில் இல்லை. அந்தப் பணம் இருந்திருந்தால் மேற்கு வரிசை முழுவதையும் அறுத்து முடித்திருப்பேன்.

அறுத்ததைத் தோப்பிலேயே குவித்து வைக்காதீர்கள். எங்கள் ஆடுகள் அந்த இலையை விரும்பித் தின்கின்றன.