சிமெண்டு வார்ப்பு: பயிலரங்குக்கு வருகிறவர்களின் கேள்விகளும் என் பதில்களும்

கும்பகோணத்தில் அடுத்த வாரம் நடக்கும் இரண்டு நாள் பயிலரங்கில் பூந்தொட்டி, பறவைகளுக்குத் தண்ணீர் வைக்கும் தட்டு, சுவரில் பதிக்கிற பூ வேலை, விளக்கு மாடம் ஆகியவற்றைச் சிமெண்டில் செய்யக் கற்றுத்தரப் போகிறேன். பெயர் கொடுத்தவர்களைக் கேள்விகளை முன்கூட்டியே அனுப்பச் சொல்லியிருந்தேன். நிறைய வந்திருக்கின்றன. ஒரே கேள்வி பல பேரிடமிருந்து வந்தால் ஒரு தடவைதான் விரிவாகச் சொல்வேன்.

மன்னார்குடியிலிருந்து ஒரு அம்மா: வீட்டிலேயே தொட்டி செய்து பார்த்தேன். ஒரு மாதத்துக்குள் மயிரிழை மாதிரி விரிசல் விட்டுவிட்டது. வலு கூடிய 53 கிரேடு சிமெண்டுதான் வாங்கினேன். சிமெண்டு மட்டமா, மாஸ்டர்?

சிமெண்டைக் குறை சொல்லாதீர்கள் அம்மா. நூற்றுக்குத் தொண்ணூறு விரிசல் தண்ணீரால் வருவது. கலக்கும்போது அதிகம் ஊற்றியிருப்பீர்கள், காய்ந்த பிறகு ஊற்றாமல் விட்டிருப்பீர்கள்.

ஒரு கிலோ சிமெண்டு இறுகுவதற்குக் கால் லிட்டர் தண்ணீர் அளவுக்குத்தான் தேவை. அவ்வளவு மட்டும் ஊற்றினால் கையால் வேலை செய்ய வராது என்பதால் 400 முதல் 450 மில்லி வரை ஊற்றுகிறோம். அதற்கு மேல் போகிற ஒவ்வொரு சொட்டும் பிறகு ஆவியாகி, தான் இருந்த இடத்தை ஓட்டையாக விட்டுவிட்டுப் போகும். கலவை சுருங்கும், விரிசல் விடும், வலு போகும். அளவு குவளை இல்லாமல் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

கலவை பதம் பார்க்க ஒரு வழி. கையுறை போட்ட கையில் ஒரு பிடி எடுத்து இறுக்குங்கள். கையைத் திறந்தால் பிடி கொழுக்கட்டை மாதிரி விரல் தடத்தோடு நிற்க வேண்டும். கையுறையில் ஈரம் மினுக்க வேண்டும், ஆனால் விரலிடுக்கில் தண்ணீர் வழியக்கூடாது. தொட்டி வார்க்க இந்தப் பதம் போதும். அச்சில் இரண்டு விரற்கடை உயரத்துக்குப் போட்டு, குச்சியால் குத்தி, வெளிப்பக்கம் மரச்சுத்தியால் தட்டுங்கள். குமிழி மேலே வந்து உடையும். குமிழி நின்றதும் தட்டுவதையும் நிறுத்திவிட வேண்டும். அதற்கு மேல் தட்டினால் தண்ணீரும் சிமெண்டுப் பாலும் மேலே ஏறி நிற்கும். அந்த மேல்பரப்புதான் பிறகு மாவாக உதிரும். மேலே தண்ணீர் நிற்கிறதே என்று உலர்ந்த சிமெண்டைத் தூவுகிற பழக்கம் நம்மூர்க் கொத்தனார்கள் பலரிடம் உண்டு. தூவாதீர்கள். உங்கள் மயிரிழை விரிசலுக்கு அதுவும் காரணமாக இருக்கலாம்.

அப்புறம் ஈரம். மறுநாளிலிருந்து ஈரக் கோணி போர்த்தி நிழலில் வையுங்கள். மூட்டையில் ஓ.பி.சி. (சாதாரண போர்ட்லண்ட் சிமெண்டு) என்றால் குறைந்தது 7 நாள், பி.பி.சி. (சாம்பல் போன்றவை கலந்த சிமெண்டு) என்றால் 10 நாள். சித்திரை வெயிலில் காலையில் ஒரு தடவை தெளித்துவிட்டுப் போனால் போதாது. மத்தியானத்துக்குள் கோணி காய்ந்துவிடும். கோணிக்கு மேல் ஒரு பாலித்தீன் தாளைச் சுற்றிவிட்டால் உங்களுக்கும் வேலை மிச்சம்.

திருவையாற்றிலிருந்து: ஆற்று மணல் கிடைப்பதே இல்லை. கல்லை உடைத்துச் செய்கிற எம்-சாண்ட் சரிப்படுமா?

தாராளமாக. அலங்கார வேலைக்குப் பூச்சு மணலாக விற்கிற பி-சாண்ட் இன்னும் நல்லது, முகப்பு வழவழப்பாக வரும். வீட்டுக்குப் பக்கத்து வாய்க்காலில் அள்ளலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அனுமதி இல்லாமல் அள்ளுவது குற்றம், அது ஒன்று. வாய்க்கால் மணலில் வண்டல் அதிகம், அது இன்னொன்று. கண்ணாடிப் பாட்டிலில் பாதி மணல், மேலே தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு போட்டுக் குலுக்கி மூன்று மணி நேரம் அசையாமல் வையுங்கள். மணலுக்கு மேல் வண்டல் தனி அடுக்காகப் படியும். மணல் உயரத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கைத் தாண்டினால் அந்த மணல் வேண்டாம்.

வேதாரண்யத்திலிருந்து: கடல் மணலைக் கழுவிப் பயன்படுத்தலாமா?

வேண்டாம். வலுவுக்காகச் சிமெண்டுக்கு உள்ளே வைக்கிற கம்பிக் கோழி வலையை உப்பு துருப்பிடிக்க வைக்கும், துரு பெருத்துச் சிமெண்டை உடைக்கும். உங்கள் பக்கம் போர் தண்ணீரும் கரிக்கும். குடிக்கிற தண்ணீரில் மட்டும் கலக்குங்கள்.

கும்பகோணத்திலிருந்து ஒரு தம்பி: எங்கள் தாத்தா கோபுரத்தில் சுதை, அதாவது சுண்ணாம்புச் சாந்துப் பொம்மை வேலை செய்தவர். சுண்ணாம்புச் சாந்தில் கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த தண்ணீரை ஊற்றுவார். சிமெண்டிலும் அதை ஊற்றினால் வலு கூடுமா அண்ணே?

தம்பி, இந்த ஒரு கேள்விக்காகவே இந்தப் பயிலரங்கை நடத்தலாம். ஊற்றவே ஊற்றாதே. சிமெண்டுக்கு இனிப்பு எதிரி. சிமெண்டு எடையில் 0.05 சதவீதம் சர்க்கரை சேர்ந்தாலே இறுகுவது சில மணி நேரம் தள்ளிப்போகும். 0.2 சதவீதம் போனால் கலவை இறுகாமலே கிடக்கும். கணக்குப் போட்டுப் பார்: 50 கிலோ மூட்டைக்கு 100 கிராம்தான். ஒரு கைப்பிடி வெல்லம் ஒரு மூட்டையைக் கெடுத்துவிடும். வெல்லம் கொண்டுவந்த சாக்கில் மணல் கட்டி வருகிறார்கள், கரும்புச்சாறு வாளியில் தண்ணீர் எடுக்கிறார்கள். அதையும் பார்த்துக்கொள்.

தாத்தா செய்தது தவறா என்றால், இல்லவே இல்லை. சுண்ணாம்பும் சிமெண்டும் இறுகுகிற விதமே வேறு. சிமெண்டு தண்ணீரோடு சேர்ந்து சில மணி நேரத்தில் இறுகத் தொடங்குகிறது. சர்க்கரை அதன் துகளைச் சுற்றிப் படிந்து அந்த வேலையைத் தடுக்கிறது. சுண்ணாம்பு அப்படி இல்லை. காற்றில் இருக்கிற கரியமில வாயுவை இழுத்து, மாதக் கணக்கில் மெல்ல மெல்லத் திரும்பவும் கல்லாகிறது. அதற்கு அவசரமே கிடையாது. வெல்லம் சாந்தைக் குழைவாக வைத்திருக்கும், உருவம் பிடிக்க நேரம் கொடுக்கும். தாத்தா சாந்தை அரைத்து நாள் கணக்கில் ஈரமாகவே வைத்திருந்தாரே, சிமெண்டுக் கலவையை ஒரு மணி நேரம் வைத்திருக்க முடியுமா? அந்த ஞானம் சுண்ணாம்புக்கு உரியது. அதை அப்படியே காப்பாற்று. சிமெண்டுக்குள் கொண்டுவராதே.

மேலே உள்ள பதிலை முன்கூட்டியே பயிலரங்குக் குழுவில் போட்டிருந்தேன். தஞ்சாவூரிலிருந்து ஓய்வு பெற்ற பொறியாளர் ஒருவர்: இன்று எத்தனையோ கோபுரங்களில் சிமெண்டில்தான் பொம்மை செய்கிறார்கள். நிற்கிறதே! சுண்ணாம்பைப் பிடித்துக்கொண்டு ஏன் தொங்க வேண்டும்?

அவருக்கு மயிலாடுதுறையிலிருந்து ஒருவர் பதில்: சிமெண்டே கேடு. உங்கள் பயிலரங்கே தேவையில்லை.

இதற்குப் பிறகு இரண்டு நாளாக இருபது பேர் எழுதிவிட்டார்கள். சரி, என் கருத்தையும் சொல்லிவிடுகிறேன்.

பொறியாளர் சார், புதிதாகக் கான்கிரீட்டில் எழுப்பிய மண்டபத்தின் மேல் சிமெண்டில் பொம்மை செய்தால் எனக்கு ஆட்சேபணை இல்லை. கம்பி துருப்பிடிக்காமல் மூடியிருந்தால் நெடுங்காலம் இருக்கும். ஆனால் நம் டெல்டா கோபுரங்கள் பெரும்பாலும் கீழே கல்ஹாரம் என்கிற கல் கட்டுமானம், மேலே செங்கல்லும் சுண்ணாம்பும். அந்தப் பழைய செங்கல் மேல் சிமெண்டைப் பூசினால் என்ன ஆகிறது என்று எந்த ஊரிலும் போய்ப் பார்க்கலாம். மழைத்தண்ணீர் எப்படியும் உள்ளே போகும். சுண்ணாம்புப் பூச்சு வழியாக அது திரும்ப வெளியே வந்துவிடும். சிமெண்டு வழியாக வர முடியாது. வழி தேடிப் பக்கத்தில் இருக்கிற பழைய செங்கல் வழியாக வரும், வரும்போது உப்பையும் கொண்டுவரும். அந்த உப்பு செங்கல்லுக்குள் படிகமாகிப் பொரிந்து செங்கல்லை உதிர வைக்கும். சிமெண்டு கெட்டியாக அப்படியே நிற்கும், அதன் பின்னால் இருக்கிற சுவர் மாவாகிக்கொண்டிருக்கும். கடைசியில் பூச்சு பாளம் பாளமாகப் பெயர்ந்து விழும்போது யானையின் தும்பிக்கை, துவாரபாலகரின் கை எல்லாம் சேர்ந்து வரும். ‘நிற்கிறதே’ என்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். எதன் மேல் நிற்கிறது என்று பாருங்கள்.

போர்ட்லண்ட் சிமெண்டுக்கு ஜோசப் ஆஸ்ப்டின் காப்புரிமை வாங்கியது 1824இல். பட்டுக்கோட்டைக்குத் தெற்கே கடற்கரையில் இருக்கிற மனோராக் கோட்டையைத் தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி கட்டத் தொடங்கியது அதற்குப் பத்து வருஷம் முன்னால். தரங்கம்பாடிக் கோட்டை 1620. உப்புக்காற்று அடிக்கிற இடத்தில் சுண்ணாம்பு என்ன தாங்கும் என்பதற்கு இவற்றுக்கு மேல் சாட்சி வேண்டாம்.

மயிலாடுதுறை நண்பருக்கு: சிமெண்டைத் திட்டுவதிலும் அர்த்தம் இல்லை. அரியலூர்ச் சுண்ணாம்புக்கல்தான் நம் பக்கத்துச் சிமெண்டாகவும் வருகிறது. கல்லாகிப்போன சிப்பிகளும் நத்தைகளும் நிறைந்த பழங்காலக் கடலடி அது. உங்கள் வீட்டுக் கிணற்று உறையை எதில் வார்த்தார்கள்? சிமெண்டு நல்ல பொருள். அதற்கென்று ஒரு இடம் இருக்கிறது. தாத்தா வழியில் சுதை கற்ற ஒருவர் கிடைத்தால் அடுத்த பயிலரங்கைச் சுண்ணாம்புக்கே வைக்கிறேன், நீங்களும் வாருங்கள். இந்தச் சண்டை இங்கே போதும்.

திருத்துறைப்பூண்டி: என் தொட்டியில் விரிசல்...

மன்னார்குடி அம்மாவுக்குச் சொன்னதைப் படியுங்கள்.

பட்டுக்கோட்டை: எங்கள் பக்கம் தேங்காய் நார்த்தூள் மலையாகக் கிடக்கிறது. சேர்த்தால் தொட்டி எடை குறையுமா?

குறையும், அழகாகவும் இருக்கும், பாசி பிடித்துப் பழைய கல்தொட்டி மாதிரி ஆகும். சிமெண்டு ஒரு பங்கு, பெர்லைட் என்கிற எடை குறைந்த வெள்ளைக் குருணை ஒன்றரைப் பங்கு, நார்த்தூள் ஒன்றரைப் பங்கு. ஆனால் பச்சை நார்த்தூளில் உப்பும் துவர்ப்புச் சாயமும் இருக்கும், இரண்டும் சிமெண்டுக்கு ஆகாது. தண்ணீரில் ஊறவைத்துப் பிழியுங்கள். சிவப்பு சாயம் இறங்குவது நிற்கும்வரை திரும்பத் திரும்பச் செய்யுங்கள். இந்தத் தொட்டி செடிக்கு ஏற்றது. மேலே ஏறி நிற்கிற படிக்கட்டுக்கு வேண்டாம்.

திருவாரூர்: வண்ணத்துக்குச் சொட்டு நீலம் கலக்கலாமா? ஆத்தங்குடித் தரை மாதிரி பளபளப்பு எப்படி வரும்?

சொட்டு நீலம் துணிக்கு. சிமெண்டின் காரத்தில் நிற்காது. சிவப்பு, மஞ்சள், கறுப்புக்கு இரும்பு ஆக்சைடு வாங்குங்கள். சிமெண்டு எடையில் 5 சதவீதம் போதும், 10ஐத் தாண்டவே கூடாது. வெளிர் நிறம் வேண்டுமென்றால் வெள்ளைச் சிமெண்டில் செய்யுங்கள், சாம்பல் சிமெண்டில் மஞ்சள் கலந்தால் அழுக்காகத்தான் தெரியும்.

ஆத்தங்குடி டெல்டா இல்லை, காரைக்குடிப் பக்கம். பளபளப்பின் ரகசியம் கண்ணாடி. கண்ணாடித் தகட்டின் மேல் வண்ணக் கலவையை ஊற்றி, அதன் முதுகில் சாந்தைப் போட்டு, இறுகிய பின் தண்ணீரில் ஊறப்போடுகிறார்கள். சூளையே கிடையாது. நம் பூ வேலைத் தகட்டையும் கண்ணாடி மேல் முகம் குப்புற வார்த்துப் பாருங்கள். கண்ணாடியின் வழவழப்பு அப்படியே முகத்தில் வந்துவிடும்.

நாகப்பட்டினம்: தாமரைத் தொட்டி செய்து மீன் விடலாமா?

உடனே விட்டால் செத்துவிடும். புதுச் சிமெண்டின் காரம் தண்ணீரில் இறங்கும். நிரப்பி, மூன்று நாளுக்கு ஒரு தடவை தண்ணீரை மாற்றி, இரண்டு மூன்று வாரம் விடுங்கள். காரம் குறைந்துவிட்டதா என்று நீச்சல்குளக் கடையில் விற்கிற காரத் தாளில் பார்த்துவிட்டு மீனை விடுங்கள்.

சீர்காழி: கையுறை அவசியமா மாஸ்டர்? கொத்தனார்கள் வெறுங்கையில்தானே பூசுகிறார்கள்?

அந்தக் கொத்தனார்களின் விரலிடுக்கைப் பார்த்திருக்கிறீர்களா? ஈரச் சிமெண்டு தோலை மெல்ல வேகவைக்கும். முதலில் எரியாது, சாயங்காலம்தான் தெரியும். அதில் இருக்கிற குரோமியம் சிலருக்கு ஆயுசுக்கும் அரிப்பைக் கொடுத்துவிடும். தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டால் போதும் என்பதும் சரியில்லை. ரப்பர் கையுறை, மூட்டை அவிழ்க்கும்போது முகக்கவசம். இல்லாமல் வந்தால் நான் கலவையில் கை வைக்க விட மாட்டேன். கண்ணில் பட்டால் நல்ல தண்ணீரில் கால் மணி நேரம் கழுவிக்கொண்டே இருக்க வேண்டும், பிறகு மருத்துவர்.

குடவாசல்: இதில் மாதம் எவ்வளவு சம்பாதிக்கலாம்?

தொழில் தொடங்கும் யோசனை என்றால் மாவட்டத் தொழில் மையத்தில் கேளுங்கள். நான் கைவேலை மட்டும் சொல்லித்தருகிறேன்.

வலங்கைமான், பாபநாசம், பேராவூரணி: விரிசல்...

தண்ணீர். தண்ணீர். பேராவூரணிக்கு மட்டும் கூடுதலாக: மூட்டை ஐப்பசி மழையில் தரையோடு தரையாகக் கிடந்தது என்கிறீர்கள். கட்டி தட்டிய சிமெண்டை உடைத்துச் சலித்தாலும் பழைய வலு வராது. புது மூட்டையைப் பலகை மேல் வையுங்கள், மூன்று மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள்.

ஒரத்தநாடு: இரண்டாம் நாள் செய்வதை அன்றே வீட்டுக்கு எடுத்துப்போக முடியுமா?

அச்சோடு எடுத்துப் போங்கள். பஸ்ஸில் மடியில் வைக்காமல், காலடியில் துணி மடித்து அதன் மேல் வையுங்கள், குலுக்கல் குறையும். மறுநாள் இதே நேரத்துக்குக் கழற்றலாம். ஓரத்தைக் கத்தியால் நெம்பாமல் அச்சைக் கவிழ்த்து அடியில் தட்டுங்கள். வராவிட்டால் இன்னொரு நாள் விட்டுவிட்டுத் தட்டுங்கள்.