மாஸ்டரிடம் கேளுங்கள்: ரொறன்ரோ மேட்டுக்குக் கோட்டையில் பயிற்சி

கேள்வி: மாஸ்டர், எனக்கு 58 வயது. சித்திரையில் ரொறன்ரோவில் இருக்கும் மகளிடம் போகிறேன். அவள் வீட்டுக்குப் பக்கத்தில்தான் ஹை பார்க். அதற்குள் மேடும் பள்ளமுமாக ஒரு சுற்றுப்பாதை இருக்கிறதாம், தினமும் நடக்கலாம் என்கிறாள். அதற்குப் பழக இப்போதே திருகோணமலைக் கோட்டை வாசலில் இருந்து மேட்டிலுள்ள கோணேசர் கோயில் வரை நடக்கிறேன். ஏறும்போது மூச்சு வாங்குமே தவிர ஒரு நோவும் இல்லை. இறங்கி வந்து, அதுவும் அடுத்த நாள்தான், தொடை பிடித்துக்கொள்கிறது. இது என்ன புதினம்?
– வாசகி, உவர்மலை

பதில்: புதினமே இல்லை, தங்கச்சி. ஏற்றத்தில் மூச்சு வாங்குவதால் அதுதான் பெரிய வேலை என்று நினைத்துவிடுகிறோம். தொடைக்கு வேலை இறக்கத்தில்தான். கிணற்றுக்குள் நிறைகுடத்தைக் கயிற்றில் இறக்கிப் பாருங்கள். சும்மா விட்டால் தடால் என்று விழும், அதனால் இறுக்கிப் பிடித்தபடியே கயிற்றை விடுவீர்கள். இறக்கத்தில் தொடைத் தசையும் அப்படித்தான், உடம்புப் பாரத்தைப் பிடித்துக்கொண்டே நீள்கிறது. பழக்கமில்லாத தசைநாரில் அப்போது நுண்ணிய சேதம் உண்டாகும். அந்த நோவு ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் உச்சத்துக்கு வரும். ஒருமுறை பட்ட தசைக்கு அடுத்த முறை அவ்வளவு நோகாது. ஆகவே நிறுத்த வேண்டாம். இரண்டு மூன்று நாள் இடைவெளி விட்டு ஏறி இறங்குங்கள். ஆனால் தொடை அல்லாமல் முழங்கால் மூட்டே வீங்கினாலோ, மடக்க முடியாமல் போனாலோ டொக்டரிடம் காட்டுங்கள்.

இறங்கும் விதமும் முக்கியம். காலையில் நான் கோட்டைக்குள் மரநிழலில் இருந்து பார்ப்பதுண்டு. அர்ச்சனைத் தட்டோடு இறங்குகிறவர்கள் உடம்பைப் பின்னுக்குச் சாய்த்து, காலை எட்டிப் போட்டு, குதிக்காலால் தரையைக் குத்திக் குத்தி வருவார்கள். அந்த டப் டப் சத்தத்துக்கே எனக்கு முழங்கால் நோகும். எட்டு சிறிதாக இருக்கட்டும், முழங்கால் கொஞ்சம் மடிந்திருக்கட்டும். உங்கள் காலடிச் சத்தம் உங்களுக்கே கேட்டால் எட்டு நீளம் என்று அர்த்தம்.

சப்பாத்தை இங்கேயே வாங்கி, கோட்டையில் பழக்கிக்கொண்டு போங்கள். கோயில் வாசலில் கழற்றப் பஞ்சிப்பட்டு செருப்போடு வராதீர்கள். இறங்கும்முன் கணுக்காலடியில் நாடாவை இறுக்கிக் கட்டினால் விரல் முன்னுக்குப் போய் இடிக்காது.

சரி, ஹை பார்க். மகனிடம் போயிருந்தபோது நானும் அங்கே நடந்திருக்கிறேன். ஜோன் ஹவர்ட் என்ற கட்டடக் கலைஞர் 1873இல் தன் காணியை நகரத்துக்கு எழுதிக் கொடுத்ததில் தொடங்கிய பூங்கா. இன்று 161 ஹெக்டேயர். கோணேசர் கோயிலுக்கு ஏறின வழியாலேதான் இறங்க வேண்டும், தெரிவு இல்லை. சுற்றுப்பாதையில் உண்டு. சுற்றி முடிக்கும்போது ஏறிய அளவு இறங்கித்தான் இருப்போம், ஆனால் எந்தச் சரிவில் இறங்குவது என்பது நம் கையில். முதல் நாள் மகளோடு மெதுவாக ஒரு சுற்று வந்து, செங்குத்தான பக்கம் எது, நீளச் சாய்வான பக்கம் எது என்று பார்த்து வையுங்கள். அப்புறம் செங்குத்தில் ஏறி, சாய்வில் இறங்குகிற மாதிரிச் சுற்றுங்கள். எல்லாரும் எதிர்ப்பக்கமாக வந்தால் வரட்டும்.

ஒரு எச்சரிக்கை. கிரெனடியர் குளத்தை நோக்கி இறங்கும் சரிவில் செர்ரி மரங்கள் நிற்கின்றன. டோக்கியோ மக்கள் 1959இல் கொடுத்தவை. நீங்கள் போகிற நேரம் பூக்கும் காலம். நான் அண்ணாந்து பூவைப் பார்த்துக்கொண்டே இறங்கி, ஈரப் புல்லில் வழுக்கி இருந்தே விட்டேன். மகன் தூக்கிவிட முதல் படம் எடுத்தான்.

கேள்வி: கோட்டைக்குள் நடக்கும்போது மான்கள் பின்னாலேயே வருகின்றன. வாழைப்பழம் கொடுக்கலாமா?
– வாசகர், உப்புவெளி

பதில்: வேண்டாம். பழத்துக்குப் பழகியது பொலித்தீன் பையையும் சேர்த்தே இழுக்கும். போன கிழமை ஒரு கிடா என் தோளில் கிடந்த துவாயைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. பழம் சுற்றிக் கொண்டுபோன துவாய் அது, வாசம் இருந்திருக்கும். பாதிதான் திரும்பிக் கிடைத்தது.