மாரியில் கார்த்திகைப்பூவைக் காயவைப்பது எப்படி?

மட்டக்களப்பு மாவட்டத்துக் கிரான் பக்கத்து உயர்தர உயிரியல் மாணவி ஒருவர் கேட்கிறார்: "குடும்பிமலை அடிவாரத்தில் எடுத்த கார்த்திகைப்பூக் கொடியைக் கொப்பிக்குள் வைத்து அழுத்தினேன். ஒரு கிழமையில் பூ கறுத்து, பூஞ்சணம் பிடித்துவிட்டது. செயற்றிட்டத்துக்கு எப்படிக் காயவைப்பது?"

மகள், அந்தப் பூ பூப்பதே நம்முடைய மாரியில்தான். காற்றிலேயே ஈரம் நிற்கிற காலத்தில் மூடிய கொப்பிக்குள் பூ அவிந்துதான் போகும். பழைய பத்திரிகைத் தாள் எடுங்கள். வழுவழுப்பான தாள் ஈரம் உறிஞ்சாது. கொடியைத் தாள்களுக்கிடையே விரித்து, மேலும் கீழும் பலகை வைத்து, கயிற்றால் இறுக்கிக் கட்டுங்கள். முதல் மூன்று நாளும் காலை, மாலை இரண்டு வேளையும் தாள் மாற்ற வேண்டும். பூ கெடுவதும் தப்புவதும் இந்த மூன்று நாளில்தான். அப்புறம் நாளுக்கு ஒருமுறை போதும். மழை விடாவிட்டால், கட்டிய தாள்களை, மின்குமிழ் எரியும் பெட்டிக்கு மேலே, சூடு மெல்லப் படும்படி வையுங்கள். அடுப்புக்கு மேல் வேண்டாம்.

முதல் தடவை தாள் மாற்றும்போது பூ துவண்டிருக்கும், சொன்னபடி கேட்கும். ஆறு இதழ்களையும் ஈர்க்கால் பிரித்து, பின்னோக்கி வளைந்தபடியே படிய விடுங்கள். பூவின் நடுவே காயாகும் பகுதியான சூலகத்திலிருந்து, அதன் காம்பு போன்ற சூல்தண்டு பக்கவாட்டில் செங்கோணமாகத் திரும்பி நிற்கும். அது தெரிய வேண்டும். இலை நுனி சுருண்டு பற்றுக்கம்பியாவது இந்தச் செடியின் முக்கிய அடையாளம், அது ஒடிந்தால் மாதிரியின் பெறுமதி பாதியாகிவிடும். நீண்ட கொடியை வெட்டாமல் மடியுங்கள். ஒட்டும் அட்டை சுமார் 42 செ.மீ. நீளம், 29 செ.மீ. அகலம் இருந்தால் சரி.

நிறத்தை மட்டும் எந்தத் தாளாலும் காப்பாற்ற முடியாது. இதழ் பச்சை மஞ்சளில் விரிந்து, செம்மஞ்சளாகி, கடைசியில் முழுச் சிவப்பாகும். அதை அங்கேயே நின்று ஒரு துண்டுத் தாளில் எழுதுங்கள், கூடவே இவற்றையும்: திகதி, இடம், மண், நிழலா வெயிலா, கொடி எதில் ஏறியிருந்தது, எடுத்தவர் பெயர். இந்தத் துண்டு இல்லாத மாதிரியைப் உலர்ந்த தாவர மாதிரிகளைச் சேர்த்துவைக்கும் பேராதனைத் தேசிய ஹேர்பேரியத்திலும் பயன்படுத்த முடியாது. சங்கப் புலவர்கள் காந்தள் என்று பாடியதும் இதே மலைநிலத்துப் பூவைத்தான். காந்தளின் எரிகிற சிவப்பை அவர்கள் சொல்லாமல் விடவில்லை, நீங்களும் விடாதீர்கள்.

இனி, கவனமாகக் கேளுங்கள். செடி முழுவதும் கொல்சிசின் என்ற நஞ்சு இருக்கிறது, கிழங்கிலும் விதையிலும் மிக அதிகம். காய்ந்தாலும் போகாது. வத்தாளங்கிழங்கு என்று நினைத்து அவித்துச் சாப்பிட்டு உயிரிழந்தவர்கள் இலங்கையில் இருக்கிறார்கள். கையுறை போடுங்கள், சமையலறைப் பக்கம் கொண்டுபோகாதீர்கள், அட்டையில் "நஞ்சு" என்று பெரிதாக எழுதுங்கள். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் மாதிரியைப் பாடசாலையிலேயே வைப்பது நல்லது.

காட்டுக்குள் போய் எடுப்பதென்றால் முதலில் ஆசிரியர் மூலம் வன அல்லது வனசீவராசிகள் திணைக்களத்தில் அனுமதி கேளுங்கள். யானை நடமாடும் இடம், தனியே போகவும் வேண்டாம்.

கிழங்கைத் தோண்டாதீர்கள், படம் வரைந்தால் போதும். கோடையில் கொடி பட்டுப்போனாலும் மண்ணுக்குள் கிழங்கு உறங்கி, அடுத்த மழையோடு திரும்ப முளைக்கும். இரண்டு மாதம் கழித்து அதே இடத்துக்குப் போய்ப் பாருங்கள். காய் முற்றி வெடித்து, சிவப்பு விதைகள் தெரியும். ஒரு காயைக் கொண்டுவந்து அதே அட்டையில் பூவுக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள்.