பெரிய ரேட்டிங்காரர் டிரா கேட்டால்...

கேள்வி: என் மகன் ஒன்பதாம் வகுப்பு, ஃபிடே (உலக செஸ் கூட்டமைப்பு) ரேட்டிங் 1450. மதுரையில் நடந்த ஓபன் செஸ் போட்டியில் முதல் சுற்றிலேயே 1850 ரேட்டிங் உள்ளவரோடு மோதினான். ரூக் எண்டிங்கில் (ராஜா, யானை, சிப்பாய்கள் மட்டும் மிஞ்சிய கடைசிக் கட்டம்) இவனுக்கு ஒரு சிப்பாய் அதிகம். அவர் டிரா கேட்டதும் உடனே கை கொடுத்துவிட்டான். வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம், கோச் மட்டும் கோபப்படுகிறார். யார் பக்கம் நியாயம்?
– வாசகி, திருமங்கலம்

பதில்: 1850-ஐ டிரா செய்தது நிஜமாகவே நல்ல ஆட்டம், பையனைத் திட்டாதீர்கள். ஆனால் நான் கோச் பக்கம்தான்.

முதல் சுற்றில் இப்படி அமைவது வழக்கம். ஸ்விஸ் முறையில் (யாரும் வெளியேறாமல், ஒத்த புள்ளி எடுத்தவர்களை மோத வைக்கும் முறை) ரேட்டிங் வரிசையை இரண்டாகப் பிரித்து, மேல்பாதியின் முதல் ஆளைக் கீழ்ப்பாதியின் முதல் ஆளோடு உட்கார வைப்பார்கள்.

சரி, கணக்கைப் பாருங்கள். 400 புள்ளி வித்தியாசம் என்றால் உங்கள் மகனிடம் அந்த ஆட்டத்தில் (வெற்றிக்கு 1, டிராவுக்கு 0.5) எதிர்பார்ப்பது வெறும் 0.08 தான், 18 வயதுக்குள் இருப்பதால் அவனுக்கு கே மதிப்பு (எடுத்ததற்கும் எதிர்பார்த்ததற்கும் உள்ள வித்தியாசத்தைப் பெருக்கும் எண்) 40, அதனால் டிராவுக்கு 16.8 புள்ளி ஏறும், ஜெயித்தால் 36.8, தோற்றாலோ 3.2 மட்டும்தான் இறங்கும். இவ்வளவு குறைவாக இழக்கப் போகிறவன் ஏன் பயப்பட வேண்டும்? பயப்பட வேண்டியவர் எதிரில் இருந்தவர். டிரா ஆனாலே தனக்கு ரேட்டிங் குறையும் என்று தெரிந்தும் ஒருவர் டிரா கேட்கிறார் என்றால், போர்டில் தன் நிலைமை மோசம் என்று அவருக்குப் புரிந்திருக்கிறது.

ரூக் எண்டிங்கில் ஒரு சிப்பாய் கூடுதலாக இருந்தும் டிராவில் முடிகிற ஆட்டங்கள் ஏராளம், அதை மறுக்கவில்லை. ஆனால் அந்த டிரா இன்னும் முப்பது நகர்வு ஆடிய பிறகும் கிடைத்திருக்கும், அதற்குள் தவறு செய்ய வேண்டிய நெருக்கடி அவருக்குத்தான் அதிகம்.

இன்னொன்றும் பையனிடம் சொல்லுங்கள், பல பிள்ளைகளுக்கு இது தெரியாது. டிரா கேட்டவர் அதைத் திரும்ப வாங்க முடியாது. வேண்டாம் என்று வாயால் சொல்லும் வரை, அல்லது நகர்த்துவதற்காகக் காயைத் தொடும் வரை அது அப்படியே நிற்கும். அதனால் கடிகாரத்தில் நேரம் இருந்தால் பத்து நிமிடம்கூட யோசிக்கலாம், அவசரமாகக் கை நீட்டத் தேவையே இல்லை.

அப்புறம், பெரிய ஆள் எதிரில் வந்தால் காய்களை வெட்டித் தள்ளினால் டிரா ஆகிவிடும் என்று நினைக்கிற பழக்கம் நம் பிள்ளைகளிடம் நிறைய இருக்கிறது, அது ஆபத்து, ஏனென்றால் பலமான ஆட்டக்காரர்கள் அதிகம் ஜெயிப்பதே எண்டிங்கில்தான்.

நகர்வுகளை எழுதிய ஸ்கோர் ஷீட் பத்திரமாக இருக்கிறதா? டிரா ஆன அந்த நிலையை போர்டில் வைத்து, கோச்சுடன் ஒருமுறை வெள்ளையாகவும் ஒருமுறை கறுப்பாகவும் கடைசி வரை ஆடச் சொல்லுங்கள்.